பயணச்சீட்டில் ஒரு வரி

சென்னையில் மகன் வீட்டில் சில நாள் தங்கிவிட்டுச் சிலம்பு விரைவு வண்டியில் ஊர் திரும்பிய மூதாட்டி ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். சுருக்குப்பைக்குள் மடித்து வைத்திருந்த பயணச்சீட்டை எடுத்து நீட்டினார். பேரன் அதிலிருந்த வரியொன்றை வாசித்துக் காட்டிச் சிரித்தானாம். அது உண்மைதானா என்று தெரிய வேண்டுமாம். அவ்வரி நமக்குப் புதியதன்று. பயணத்திற்கு ஆகும் செலவில் சராசரியாக 57 விழுக்காடே கட்டணமாக வசூலாகிறது என்று 2016ஆம் ஆண்டில் இந்திய இரயில்வே கணினிச் சீட்டுகளில் அச்சிடத் தொடங்கிய வாசகம்தான். எஞ்சிய 43 விழுக்காட்டை நாட்டின் பொதுமக்கள் சுமக்கிறார்கள் என்பதை அறிவீரா என்ற கேள்வியும் அப்போது உடன் வந்தது.

“சின்ன வண்டிக்கும் இப்படித்தானா சாமி?” என்றார். திருச்சுழியில் ஏறி மானாமதுரையில் இறங்கும் பயணி வண்டியைத்தான் அவர் சின்ன வண்டி என்பார். மகளை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார். “அதுக்கு இன்னும் கம்மியாத்தான் பாட்டி குடுக்குறோம்” என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் யாருக்கு சாமி கடன்பட்டிருக்கேன்?” என்றார்.

குருமடத்தில் நீதியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் படித்த நமக்கு உடனே விடை வரவில்லை.

அந்தப் பாதையை வாசகர் பலர் அறிவர். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வரை 1963இலும், அங்கிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை வரை 1964இலும் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பிழைப்பாகிவிடும் சீமை. இங்கே பயணச்சீட்டு விற்று எவ்வளவு சேரும் என்பதை அன்றே எவரும் ஊகித்திருக்கலாம். ஆயினும் தண்டவாளம் போட்டார்கள். அதே 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டனில் பீச்சிங் என்பார் அளித்த அறிக்கை, வருவாய் தராத 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களையும் ஆயிரக்கணக்கான மைல் பாதைகளையும் மூடச் சொன்னது. அவற்றில் பெரும்பகுதி மூடவும்பட்டது. செல்வநாடு கணக்குப் பார்த்து மூடிய ஆண்டில் ஏழைநாடு திறந்தது. நம் பாதை 2013 ஜூலையில் அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்டது. இரு முனையிலும் ஓட்டுநர் அறை கொண்ட, எஞ்சினைக் கழற்றித் திருப்ப வேண்டாத டெமு வண்டியும் வந்தது.

இனி, பாட்டியின் கேள்வி. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அக்குவினா தோமையார் நீதியை இருவகையாகப் பிரிக்கிறார். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதில் பொருளுக்குப் பொருள் சமம் பார்ப்பது பரிமாற்ற நீதி. சமூகம் தன் பொதுவுடைமையிலிருந்து உறுப்பினருக்குப் பங்கிடுவது பகிர்வு நீதி. கடைக்காரரிடம் பாதிவிலை கொடுத்துச் சரக்கை எடுத்துச் சென்றால் மீதி கடன்தான். பொதுவில் நமக்குள்ள பங்கைப் பெறுவது அவ்வாறன்று. சீட்டிலுள்ள வரி, இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒன்றை முதல்வகைத் தராசில் நிறுக்கிறது. அதுமட்டுமா? பயணியை ஒரு பக்கமும் பொதுமக்களை மறுபக்கமும் நிறுத்துகிறது. பாட்டி வாங்கும் தீப்பெட்டியிலும் சோப்பிலும் வரி இருக்கிறது. பயணிகளால் வரும் இழப்பை இரயில்வே சரக்குக் கட்டணத்தைக் கொண்டே பெரிதும் ஈடுகட்டுகிறது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் கொடுத்த அந்தக் கட்டணம் அவருடைய மின்விளக்கிலும் வீட்டுச் சுவரிலும் ஏறித்தானே இருக்கிறது? அந்த 43 விழுக்காட்டிலும் அவர் பணம் உண்டு.

இதை நம் முன்னோர் தோமையாருக்கு முன்பே கண்டிருந்தனர். வள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். இரண்டும் ஒன்றெனில் ஓர் அதிகாரம் போதுமே! ஊர் முழுதும் நீர் மொள்ளும் ஊருணியை அவர் உவமையாக வைத்தது ஈகையிலன்று, ஒப்புரவில். (ஒப்புரவு என்றதும் நம் வாசகருக்குப் பாவசங்கீர்த்தனமே நினைவுக்கு வரும், அச்சொல்லுக்கு அதற்கும் முந்திய வாழ்வு ஒன்று உண்டு.) ஊருணியில் குடம் நிரப்புகிறவளை எவரும் பிச்சைக்காரி என்பதில்லை. இவ்வாண்டு ஊருணிக்கு எவ்வளவு இழப்பு என்று எந்த ஊரும் கேட்டதில்லை. 2021 மே மாதம் தமிழக நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அதை ‘ஓசி’ என்று ஏளனம் செய்தோர், ஒப்புரவை ஈகை எனக் கொண்டு பிழைத்தவரே.

எனினும் ஒரு மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. நரிக்குடிப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் ஒருவர் வாழ்நாளில் இரயிலேறியதில்லை என்று கொள்வோம். அவரும் தீப்பெட்டி வாங்குகிறார். வெறும் பெட்டிகளை இழுத்துச் செல்லும் வண்டிக்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

பிரான்சு நாட்டில் இவ்வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. ஆளில்லாக் கிளைப்பாதைகளில் செலவைக் குறைக்கவென்றே 1930களில் அங்கே ஒற்றைப்பெட்டி மோட்டார் வண்டிகளைப் பெருமளவில் விட்டார்கள். டயர் உற்பத்தி செய்யும் மிஷ்லின் நிறுவனம் ரப்பர்ச் சக்கரத்திலேயே ஒன்றைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டியது. 1950களில் வந்த ஒருவகையில் ஓட்டுநரின் கூண்டு கூரைக்குமேல் ஒருபுறமாக எழும்பி நின்றதால், மக்கள் அதற்குப் பிக்காசோ என்று பெயரிட்டார்கள். 2002 முதல் உள்ளூர் வண்டிகளின் பொறுப்பு அந்தந்த மாநில மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறு பாதைகளில் பயணம் செய்வோர் ஏறத்தாழ 2 விழுக்காடே, அவற்றுக்கான செலவு மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்று 2018இல் ஓர் அறிக்கை கூறியபோது, அதன்படி பாதைகளை மூட அந்நாட்டு அரசு உடன்படவில்லை. கணக்கு மட்டுமே அங்கே கேள்வியாக இல்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. எந்தக் கிளையை வைத்துக்கொள்வது என்பதை அங்கே வாழ்வோர் தீர்மானிக்கட்டும் என்பதே வழக்கு. நம் ஆட்டிடையரிடம் அப்படி எவரும் கேட்டதில்லை. அவருக்கு இழைக்கப்படும் அநீதி தீப்பெட்டி வரியில் இல்லை, கேட்கப்படாமையில் இருக்கிறது.

கேட்காமல் செய்வது எப்படியிருக்கும் என்பதை நாம் கண்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நின்ற பயணி வண்டிகள் மீண்டும் ஓடியபோது விரைவு வண்டிக் கட்டணத்தோடு ஓடின. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் மகளைப் பார்க்கச் செல்லாமல் இருந்தனர் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர் 1896இல் மதுரையிலிருந்து கையில் 3 ரூபாயோடு புறப்பட்டுத் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். அவரைப் பின்னாளில் உலகம் ரமணர் என்றது. கட்டணம் 4 ரூபாயாக இருந்திருந்தால்?

இவ்வளவும் எழுதிய நம் கையும் தூயதன்று. கூடுதல் வண்டி வேண்டுமெனப் பங்கில் மனு எழுதினோம். முதல் கையொப்பம் நம்முடையது. அந்த வண்டியில் நாம் ஏறி ஆண்டுகள் ஆகின்றன. நிலையம் தொலைவு, நேரம் ஒத்துவராது, மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் ஊருணிகள் தூர்ந்த கதையை நாம் மேடையில் வருந்திப் பேசியதுண்டு.

அடுத்த ஞாயிறு பாட்டியை அழைத்து, “யாருக்கும் கடனில்ல பாட்டி. அது நம்ம ஊருணி மாதிரி” என்றோம்.

“ஊருணின்னா வீட்டுக்கொரு ஆளு மம்பட்டியோட போயி வெட்டணுமே சாமி. அந்தக் கடன் உண்டுல்ல?” என்றார்.

வியாழக்கிழமை மகளைப் பார்க்கப் போகிறாராம். நமக்கும் மானாமதுரையில் வேலையொன்று இருந்தது. வண்டி எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுக்கொண்டோம்.