ஊரடங்கும் அமைதியும்

நகரத்துச் சந்தடியினின்றும் விலகி, நாட்டுப்புறத்தின் எல்லையில், ஓசையடங்கிய ஒரு குடியிருப்பில் வாழ்தல் பெரும் பேறெனக் கருதப்படுகின்றது. அது பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின், அப்பேறு எத்தகையது, அதனைப் பெற்றவன் எவர்க்கேனும் கடமைப்பட்டவனா என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. வீடு, காணி, கிணறு என்பன போல அமைதியும் விலைகொடுத்துப் பெற்ற உடைமையே என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் எவ்வளவிற்குப் பொருந்தும் என ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குடியிருப்புகள் தக்கதொரு களமாகும்.

திருகோணமலைப் பட்டினம் கடலினுள் நீண்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. ஆதலின் அதன் குடிப்பெருக்கம் புறத்தே பரவிற்று. வடக்கே நிலாவெளி வீதியை அணைந்து உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு. மேற்கே பாலையூற்றும் கன்னியா வெந்நீரூற்றுகளை நோக்கிச் செல்லும் வழியும். துறைமுகத்தை மேலிருந்து நோக்கும் உவர்மலை. இவற்றுட் சிலவற்றில் ஒருவன் தன் வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கடற்கரையையும் வயலையும் பற்றைக்காட்டையும் ஒரே காலைப்பொழுதிற் கண்டு மீளலாம். நெய்தலும் மருதமும் முல்லையும் ஏட்டில் மட்டுமன்றி நிலத்திலும் மயங்கும் இடம் அது. நகருள்ளேயே புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. அவை குப்பையிற் கிடக்கும் பொலித்தீனை மெல்லுவதையும் உடன் கூறினாலன்றிக் காட்சி முழுமை பெறாது.

இந்நிலத்தின் அமைதி இயற்கை தந்தது மட்டுமன்று. பிரித்தானியர் தம் கடற்படைக்கென இத்துறைமுகத்தைச் சூழ்ந்த நிலங்களை ஒதுக்கிக்கொண்டனர். சீனக்குடாவில் அவர்கள் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 எஞ்சின. அவற்றுட் பெரும்பாலானவை நெடுங்காலம் காட்டினுள்ளே பயனின்றிக் கிடந்தன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த இடத்திற் பின்னர்ப் பறவையொலியே மிஞ்சிற்று. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபின் பட்டினத்தின் ஆரவாரமும் பெரிதும் தணிந்தது. ஓரிடம் ஓசையற்றிருத்தற்கு அங்கு மக்கள் மனநிறைவோடு வாழ்வதே காரணமாதல் வேண்டும் என்பதில்லை. பிறர் புகக்கூடாதென்னும் ஆணையும் காரணமாகலாம், தொழில் நீங்கியதும் காரணமாகலாம்.

இவ்வேற்றுமையைத் தமிழ்ச்சொல் ஒன்றே நன்கு புலப்படுத்தும். பகலெல்லாம் உழைத்த மக்கள் உண்டு உறங்கத் தொடங்கும் வேளையை ஊரடங்கும் வேளை என்பது பழைய வழக்கு. துப்பாக்கியின் முன் தெருக்கள் வெறிச்சோடுவதும் ஊரடங்கே. முன்னையது ஊர் தானே அடங்குவது. பின்னையது ஊர் அடக்கப்படுவது. செவிக்கு இரண்டும் ஒன்று. 1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்தில் திருகோணமலையில் வாழ்ந்தோர் இவ்விரண்டையும் அறிவர். ஒலியளவைக் கொண்டு அமைதியை அளக்கலாகாதென அவர்க்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்பால் உள்ள சம்பூரை இங்கு நினைத்தல் தகும். 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூரார் வெளியேறினர். 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டிலேயே அவர்கள் திரும்பத் தொடங்கினர். இடைப்பட்ட காலத்தில் அவர்களுட் பலர் கிளிவெட்டி முதலிய இடங்களிலிருந்த முகாம்களில், தகரக் கூரையின் கீழ், அடுத்த குடும்பத்தின் இருமலும் குழந்தையின் அழுகையும் இரவெல்லாம் கேட்கும் நெருக்கத்தில் வாழ்ந்தனர். அவர்தம் ஊரிலோ பேரமைதி நிலவிற்று. படகிற் செல்லும் ஒரு பயணி குடாவின் நடுவிலிருந்து அக்கரையை நோக்கி, எவ்வளவு அமைதியான இடமென வியந்திருத்தல் கூடும். அவ்வியப்பிற் பொய்யில்லை, ஆனால் அவன் வியந்த பொருள் பிறருடைய இன்மை. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி ஓடியபோது மூதூரின் தெருக்களிலும் இத்தகைய ஓசையின்மையே எஞ்சியிருக்கும். இம்மாவட்டத்தின் மூவின மக்களுள்ளும் வெவ்வேறு காலங்களில் ஊரை இவ்வாறு விட்டோடியவர் உளர். மக்களை நீக்கிப் பெற்ற மௌனத்திற்கு அமைதி என்னும் பெயர் பொருந்தாது.

பொருந்தாமைக்குக் காரணம் அச்சொல்லிலேயே உண்டு. அமைதல் என்பது பொருந்துதல், ஒன்றோடொன்று இசைந்து நிற்றல். அவ்வகையில் அமைதி என்பது ஒலியின் இன்மையைக் குறிப்பதற்கு முன்னர்ப் பலவற்றின் இசைவைக் குறிப்பது. இலக்கணகாரர் வழுவமைதி என்றொரு வகை கூறுவர். விதிப்படி வழுவாயினும் தக்க காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. பசுவை ஒருவன் உவப்பினால் அம்மையென உயர்திணையாற் சுட்டுதல் போல. மொழிக்கு இன்றியமையாத இவ்விட்டுக்கொடுப்பு அயலுக்கும் இன்றியமையாதது.

சான்றாக, தம்பலகாமத்து வயல்களில் வேளாண்மை முற்றும் காலத்தை நோக்கலாம். யானையும் பன்றியும் புகாதபடி உழவர் இரவு முழுவதும் பரணிற் கண்விழிப்பர், கூவுவர், யானைவெடி கொளுத்துவர். வயலோரத்திற் புதிதாய்க் குடியேறிய உத்தியோகத்தருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லை. அவர் முறையிடவுங்கூடும். ஆயினும் அவர் நண்பகலில் உண்ணும் சோறு அவ்விரைச்சலாற் காக்கப்பட்டது. கடற்கரையிலும் இதுவே நிலை. கரைவலை இழுப்போர் தம் கைகளை ஒரே கதிக்குக் கொணர்வதற்கு அம்பா பாடுவர். அப்பாட்டு அவர்தம் தொழிற்கருவிகளுள் ஒன்று, கயிற்றைப் போன்றது. கடலைக் கண்டுகொண்டு உறங்குவதற்கென வந்தவருக்கு அது விடியலிற் கேட்கும் கூச்சல். நாட்டுப்புற விளிம்பின் அமைதியை விரும்புவோர் பெரும்பாலும் நாட்டுப்புறத்தின் தோற்றத்தையே விரும்புகின்றனர். அதன் உழைப்பை அன்று. ஓவியத்தில் உழவன் இருக்கலாம், அவன் இருமக்கூடாது என்பது போன்றது இது.

இதனால் எல்லா ஓசையையும் எவரும் பொறுத்தல் வேண்டும் என்பது பெறப்படாது. நோயாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும், இரவுக்கடமை முடித்துப் பகலில் உறங்கும் தாதிக்கும் ஓய்வுரிமை உண்டு. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளைப் பற்றிய வழக்கொன்றில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவற்றின் ஓசையைத் தடுக்கும் வகையிற் கட்டளையிட்டது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே நிற்கும் ஒரு மாவட்டத்தில் அத்தகைய பொதுவிதி வேண்டியதே. கேட்க விரும்பாத செவியிற் பக்தியைத் திணித்தல் பக்திக்கும் பெருமையன்று. எனினும் சட்டம் நேரத்தையும் அளவையும் வரையறுக்குமேயன்றி, திருவிழாவின் பத்து நாளைப் பொறுத்துக்கொள்ளும் அயலவனையும், சாவீடு நிகழ்ந்த தெருவில் வானொலியைத் தானே அணைத்துவிடும் இளைஞனையும் தோற்றுவிக்க வல்லதன்று. அங்ஙனம் அணைத்தவன் மற்றவர்க்கு அமைதியை வழங்குகின்றான். குடியிருப்பொன்றின் அமைதி பெரும்பாலும் இவ்வாறு அயலவர் நாள்தோறும் வழங்குவதே. காணி உறுதியில் அதற்கு இடமில்லை. ஏனெனில் விற்றவருக்கு அது உரியதாயிருக்கவில்லை.

அமைதி முற்றிலும் அகத்தைச் சார்ந்தது, புறத்தைப் பற்றிக் கவலை வேண்டா என்பாருமுளர். உரோம அறிஞர் செனெக்கா, தாம் ஒரு நீராடு மண்டபத்தின் மேல் தங்கியிருந்தபோது எழுதிய கடிதத்தில் அவ்வாறே வாதிட்டார். உள்ளம் அடங்கினால் ஊர் இரைந்தாலும் துன்பமில்லை என்றார். வாதித்து முடித்தபின், தாம் வேறிடம் செல்லப்போவதாகவும் அக்கடிதத்திலேயே அறிவித்தார். அவரது நேர்மை போற்றத்தக்கது. தமிழ் மரபு இதனை வேறொரு பக்கத்திலிருந்து அணுகிற்று. ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் புறநானூற்றிற் கூறிய காரணங்களுள், தம் ஊரிற் சான்றோர் பலர் வாழ்வதும் ஒன்று. தனிமையை அவர் காரணமாகக் காட்டவில்லை. கவலையற்ற வாழ்வுக்கு அவர் அயலாரையே சான்றாக்கினார்.

அயலார் எவ்வளவு அண்மையில் இருத்தல் வேண்டும்? தமிழர் தூரத்தை அளந்த அளவைகளுட் கூப்பிடு தூரம் என்பதொன்று. ஒருவன் கூப்பிட்டால் மற்றொருவனுக்குக் கேட்கும் எல்லை அது. மைலையும் கிலோமீற்றரையும் போலன்றி இவ்வளவைக்கு இருவர் வேண்டும். கேட்பவன் இல்லையேல் அளவும் இல்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலை கடல் பொங்கி வந்தபோது இந்து சமுத்திரத்திற்கென ஓர் ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை. கரையோரத்தில் இருந்தோர்க்கு, அலையைக் கண்டவர் கத்திய குரலே எச்சரிக்கை. ஓடு என்று கத்துவோர் குரல் எட்டும் இடத்தில் இருத்தல் அன்று உயிர் தப்புவதற்கு ஒரு வழியாயிற்று.

முன்னாளிற் கிடுகுவேலிகளில் பொட்டு ஒன்று இருப்பது வழக்கம். அதனூடே நெருப்பும் கறியும் செய்தியும் போய்வந்தன. சண்டையும் போய்வந்தது என்பதை மறைத்தல் கூடாது. இன்று புறநகரெங்கும் மதில்கள் எழுந்துள்ளன. வெளிநாட்டில் உழைத்த பொருளாற் கட்டியவை சில, ஓய்வூதியத்தாற் கட்டியவை சில. இவற்றைத் தன்னலத்தின் சின்னமென்று பழித்தல் எளிது. ஆயின் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இரவில் நாய் குரைத்தால் விளக்கை அணைத்து மூச்சடக்கி இருந்த ஒரு சமூகத்தில், மதிலை விரும்புதற்கு வேறு காரணமும் உண்டு. கூப்பிடு குரலுக்கு விடைகொடுத்து வெளியே சென்ற சிலர் மீளவேயில்லை. அத்தகைய வீட்டார் அயலாரின் குரலுக்கு அஞ்சிக் கதவடைத்தால், அதனைக் குற்றமெனக் கூறும் தகுதி எவர்க்குண்டு? அவர்தம் மௌனம் வெறுமையுமன்று, அமைதியுமன்று. இன்னும் முடியாத ஓர் ஊரடங்கு. அதனை நீக்கும் ஆணையை எந்த அரசும் பிறப்பிக்க இயலாது. அயலவர் ஒருவர் பலநாள் வந்து, குரலை உயர்த்தாது, பெயரைச் சொல்லி அழைத்து, தாம் இன்னாரென அறிவித்து நிற்றல் வேண்டும். அவ்வாறு சிலர் செய்கின்றனர். மதிலைக் கட்டியபோதும் மூலையில் ஒரு சிறு படலையை விட்டுவைத்த வீடுகளும் உள்ளன.