சைக்கிள் கம்பெனி

போன மாதம் நான் ஒரு பொய் சொன்னேன். கதையில் சொல்லும் பொய் அல்ல. அதற்குச் சன்மானம் உண்டு. இது ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே சொன்ன பொய்.

பெரம்பலூரில் என் பிள்ளைப் பருவத்தில் அவர் கடைக்குச் 'சைக்கிள் கம்பெனி' என்று பெயர். ஒரு தகரக் கொட்டகை, காற்றடிக்கும் பம்பு, வாடகைக்கு ஆறு வண்டி, அவ்வளவுதான் கம்பெனி. நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு வண்டியைத் தருவார். முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு நான் சைக்கிள் கற்றது அவர் வண்டியில்தான்.

இப்போது அரியலூரில் இருக்கிறேன். மகனுக்குத் திருச்சியில் ஒரு பெரிய சங்கிலிக் கடையில் சைக்கிள் வாங்கினேன். கண்ணாடிச் சுவர், கியர் வண்டிகள், பேரமில்லாத விலைச்சீட்டு. காலம் அப்படி. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டிகள் வெகுகாலம் ஊர்க் கடைக்காரர் கையால் பூட்டப்பட்டே நம்மிடம் வந்தன. பிறகு அந்தக் கம்பெனியே 'டிராக் அண்டு டிரெயில்' கடைகளைக் கொண்டுவந்தது. 1976இல் பிரான்ஸில் பிறந்த டெகாத்லானுக்கோ நடுவில் ஆளே தேவையில்லை.

விடுமுறைக்கு வண்டியோடு பாட்டி வீட்டுக்குப் போன பையன் பள்ளத்தில் விட்டுச் சக்கரத்தை வளைத்துவிட்டான். பெரியவரிடம் கொண்டுபோனேன்.

"வண்டி எங்கே எடுத்தீங்க தம்பி?"

"சினேகிதர் ஒருத்தர் பரிசாக் கொடுத்தார், அண்ணே."

ஏன் சொன்னேன்? நல்ல சரக்கை நல்ல விலைக்கு வாங்குவது பாவமா? இரக்கப்பட்டு அவரிடம் வாங்கியிருந்தால் அதுவல்லவா அவமானம்! 2001இல் தொடங்கிய அரசாங்க இலவச சைக்கிள் திட்டம் பரவிய பிறகு தம் புது வண்டி வியாபாரம் படுத்துவிட்டதாக ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு, "பொம்பளைப் பிள்ளைங்க நடக்காம போகுதுங்களே" என்று சந்தோஷப்பட்டார். அப்படிப்பட்டவர் என்னையா கோபிப்பார்?

என் குற்றம் வேறு. அவரிடம் நான் விலைகூடக் கேட்கவில்லை. ஆனால் சக்கரம் வளைந்தால் அவர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புது வண்டியில் கிடைக்கும் நாலு காசுதான் பஞ்சர் ஒட்டுகிறவரை நாள் முழுதும் கடையில் இருத்துகிறது. அந்தக் காசை வேறிடத்தில் கொடுத்துவிட்டு, அவர் இருப்பதை மட்டும் இனாமாக எதிர்பார்த்தேன்.

அவர் சக்கரத்தைச் சுழற்றி, கம்பி கம்பியாகத் திருகிக் கோட்டம் எடுத்தார். நூறு ரூபாய் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லியும் முப்பதைத் திருப்பித் தந்தார். பிறகு வண்டியை நிறுத்தி, பையனை ஏற்றிப் பார்த்தார். சீட்டைக் கொஞ்சம் இறக்கி முடுக்கினார். அதன் கீழே கடையின் ஸ்டிக்கர் பளிச்சென்று ஒட்டியிருந்தது.

"உங்க சினேகிதர்கிட்டே சொல்லுங்க தம்பி," என்றார். "பையன் கால் எட்டுதான்னு அவர் பார்க்கலை."