ஐயுறுதல் அன்பின்மையா?

ஹவுரா நிலையத்தில் ஒரு தகரப்பெட்டியோடு வந்திறங்கும் இளைஞனை, அவனுடைய பூர்வோத்தரம் எதனையும் விசாரியாமல் வீட்டுக்கு அழைத்துவந்து, பாயும் தலையணையும் கொடுத்து, உத்தியோகம் கிடைக்கும் வரையில் சோறும் போட்ட தமிழ்க் குடும்பங்கள் அன்றைய கல்கத்தாவில் பல இருந்தன. நம் தந்தையாரும் அவ்வாறு வந்து சேர்ந்தவரே. "நம்மூர்ப் பையன்" என்ற ஒரு சொல்லே அவருக்கு அறிமுகக் கடிதமாகவும் நன்னடத்தைச் சான்றிதழாகவும் அமைந்தது. பிறமொழி வழங்கும் மண்ணில் நாம் கொண்டுவந்த முதல் என்று ஒன்று உண்டானால், அது இந்த நம்பிக்கைதான். சங்கங்களும் பஜனை மடங்களும் பள்ளிகளும் அதன்மேல் எழுந்தவையே.

ஆனால் நம்மை ஏய்க்க எண்ணுபவன் சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. நாமே திறந்து வைத்திருக்கும் இந்த வாயில் வழியாகத்தான் வருகிறான். அப்படியானால், நம்மவர் ஒருவரை ஐயுறுவது அன்பின்மை ஆகுமா? ஏட்டளவில் எழுந்த வினா அன்று இது. இதற்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம். வருந்தத்தக்கது யாதெனில், பிறர் பணத்திலும் கொடுத்திருக்கிறோம்.

2020ஆம் ஆண்டின் நெருக்கடியை எவரும் மறந்திருக்க முடியாது. பெருந்தொற்றை முன்னிட்டு மத்திய அரசு ஊழியரின் மூன்று தவணை அகவிலைப்படி உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2021 ஜூலையில் உயர்வு மீண்டதேயன்றி, பதினெட்டு மாத நிலுவை வரவில்லை. வேலையையே இழந்தோரை நோக்க இது ஒரு குறையன்று என்பதை அறிவோம். எனினும், அளந்து செலவிடும் குமாஸ்தாவின் வீட்டில் சில நூறு ரூபாய் குறைந்தாலும் மாதக் கடைசி நீண்டுவிடுகிறது. வங்கிகளின் ஓராண்டு வைப்பு வட்டியோ 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்நாளில் நம் அலுவலகத்தின் வேறொரு பிரிவில் பணிபுரியும் தமிழ் நண்பர் ஒருவர், மாதம் 5 சதவீத வட்டி தரும் ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கூறினார். தாமும் அதில் போட்டிருப்பதாகச் சொன்னார், அது உண்மையும்கூட. அந்நிறுவனம் என்ன தொழில் செய்கிறது, யாருடைய அனுமதியில் வைப்புப் பெறுகிறது என்ற கேள்விகள் நமக்குத் தோன்றாமல் இல்லை. நாவின் நுனி வரையில் வந்தன. ஆனால் நம் மகளின் காதணி விழாவுக்கு மனைவி மக்களுடன் வந்திருந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்று விழுங்கிவிட்டோம். 2021 ஜனவரியில் 60,000 ரூபாய் கொடுத்தோம். பிப்ரவரியில் 3,000 வந்தது, மார்ச்சிலும் வந்தது.

நம் வீட்டு மாடியில், பணிக்காலத்திலேயே கணவரை இழந்த ஓர் அம்மையார் வசிக்கிறார். கணவரின் பணிக்கொடையை வங்கியில் இட்டு, அதன் வட்டியால் காலம் தள்ளுபவர். வைப்பு முதிர்ந்து புதுப்பித்தபோது வட்டி குறைந்துவிட்டது. மருந்துச் செலவு குறையவில்லை. அவர் கேட்டபோது, நமக்கு வந்த 3,000 ரூபாயைப் பற்றி நாமே சொன்னோம். அவர் 2 லட்சம் போட்டார். அவருக்கு ஒரே ஒரு முறை 10,000 வந்தது. மே மாதத்தில் மறுபடியும் ஊரடங்கு. "அது முடியட்டும்" என்றார்கள். முடிந்தபோது தொலைபேசி ஒலிக்கவில்லை. அலுவலகக் கதவில் பூட்டுத் தொங்கியது.

செய்தியைச் சொல்ல மாடிப்படி ஏறியபோது நம் கால்கள் பட்ட பாட்டை எழுதுவதற்கில்லை. அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களைச் சொல்லி என்ன தம்பி, நீங்களுந்தானே போட்டீங்க" என்றார். சட்டமும் அதையே சொல்லும். நாமும் ஏமாந்தவர் பட்டியலில்தான் இருப்போம். ஆயினும் அந்த மன்னிப்பை நம் மனம் ஏற்கவில்லை. நாம் அவரிடம் பொய் கூறவில்லை என்பது மெய்தான். ஆனால் ஆராயாத ஒன்றுக்குச் சான்று கூறினோம். அவர் நம்பியது அந்த நிறுவனத்தை அன்று. அதன் பெயரைக்கூட அவர் சரியாக உச்சரிக்கமாட்டார். அவர் நம்பியது நம்மை.

இவ்விடத்தில் ஓர் எளிய கணக்கைச் சொல்ல வேண்டும். நாற்பது வயது கடந்த பட்டதாரிக்கு இது காலம் தாழ்ந்து விளங்கியது வெட்கத்துக்குரியதே. 60,000 ரூபாயை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அதிலிருந்தே மாதம் 3,000 எடுத்துக் கொடுத்தால் இருபது மாதம் கொடுக்கலாம். தொழில் வேண்டா, திறமை வேண்டா. நாம் 'வட்டி வந்தது' என்று மகிழ்ந்து ஊருக்குரைத்தது, நம் முதலே நமக்குத் திரும்பிவந்ததைத்தான். அம்மகிழ்ச்சியே அடுத்தவரை இழுத்துவரும் விளம்பரம் ஆகிறது.

இவ்வித்தை கொல்கத்தாவுக்குப் புதிதன்று. 1975இல் 'சஞ்சயிதா' என்னும் கூட்டு நிறுவனம் வெறும் 7,000 ரூபாய் மூலதனத்தில் தொடங்கப்பட்டது. ஏட்டில் 12 சதவீத வட்டி. கையில் கொடுத்ததோ ஆண்டுக்கு 48 சதவீதம், பின்னர் 36. 1980 டிசம்பரில் சோதனை நடந்தது. பரிசுச்சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்த 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது வராது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் கூற நேர்ந்தது. ஏனெனில் ஆள் சேர்த்தால்தான் பணம் என்ற நிபந்தனை அதில் இல்லை. வெறுமனே அளவிறந்த வட்டிதான் இருந்தது. நம் தந்தையாரின் அலுவலகத்தில் பலர் அதில் போட்டிருந்தனர். தந்தையார் போடவில்லை. அறிவினால் அன்று, போடுவதற்குப் பணம் இல்லாமையால் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பின்னர் 2013 ஏப்ரலில் 'சாரதா' குழுமம் வீழ்ந்தபோது, சிற்றூர்தோறும் பணம் திரட்டிய முகவர்கள் ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் நின்றனர். அவர்களுள் பலர் தம் சொந்தச் சேமிப்பையும் அதில் இட்டவர்கள். தம் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் வாங்கியவர்கள். அச்செய்தியைப் படித்த நாளில் அவர்களை நாம் ஏளனமாக நினைத்ததுண்டு. இன்று அவர்கள் நமக்குச் சுற்றத்தார் போலத் தோன்றுகின்றனர்.

'பேராசை பெருநட்டம்' என்பார்கள். பழமொழியின்மேல் நமக்குப் பகை இல்லை; ஆயின் அதை எல்லாருக்கும் பொருத்துவது அநீதி. நேற்று வாங்கிய மருந்தை இன்றும் வாங்க வேண்டும் என்று விரும்பிய ஒரு மூதாட்டியிடம் என்ன பேராசையைக் கண்டோம்? கடினமான காலத்தில் வஞ்சகன் தேடுவது ஆசையுடையவனை அன்று, தேவையுடையவனை. மேலும், ஏமாந்தவனைப் பார்த்து 'உனக்கு வேண்டியதுதான்' என்று உலகம் கூறுமாயின் அவன் வாய் திறப்பானா? நாம் திறக்கவில்லை. அலுவலகத்தில் நகைப்பார்களே என்று மூன்று மாதம் மூடி மறைத்தோம். பூட்டு நிரந்தரமன்று, பணம் வந்துவிடும் என்று நம்பிய அந்நண்பரோ, அதற்குள் மேலும் இரு தமிழ்க் குடும்பங்களை இணைய வழியே அதே திட்டத்தில் சேர்த்துவிட்டார். காவல் நிலையத்தில் நாம் மனுக் கொடுத்த அன்றுதான் இதை அறிந்தோம். ஏமாந்தது அறியாமை எனலாம். பேசாதிருந்ததற்கு என்ன பெயர்?

வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அது அரசன் ஆளைத் தேர்வதற்கு உரைத்தது. அறுபதாயிரம் ரூபாய்க்கு நாமும் ஓர் அரசன்தான் என்று கொள்க. ஆராயாமல் தெளிவதும் தவறு, தெளிந்தபின் ஐயுறுவதும் தவறு என்று இரண்டையும் ஒருங்கே கண்டிக்கிறார் அவர். இதை இத்தனை ஆண்டும் நாம் தலைகீழாக நடத்திவந்தோம். கேட்க வேண்டிய நேரத்தில் நட்பு என்று வாளாவிருந்தோம். பணம் போனபின், நம்மைப்போலவே இழந்து நின்ற நண்பரைத் திருடனாக எண்ணி முகம் திருப்பிக்கொண்டோம். முன்னர்க் கேட்டிருந்தால் நட்பாவது மிஞ்சியிருக்கும்.

கேட்பது கடினமன்று. நிறுவனம் பதிவு பெற்றது என்பது வேறு, பொதுமக்களிடம் வைப்புப் பெற அனுமதி உடையது என்பது வேறு. அந்த அனுமதியை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டுக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த நிறுவனத்துக்கு என்ன உண்டு என்று கேட்கலாம். தொலைபேசி வழியே நடக்கும் மோசடிகள் வேறு வகையின. 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று நம் சட்டத்தில் இல்லை என்பதையும், பணம் போன உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டு முதியோருக்குச் சொல்லி வைப்பது நலம்.

அம்மையார் இழந்த 1,90,000 ரூபாயை மாதம் 3,000 வீதம் திருப்பித் தந்துகொண்டிருக்கிறோம். முதலில் மறுத்தார். பிறகு ஒரு பழைய நாட்குறிப்பில் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். இன்னும் முடியவில்லை.

சென்ற பொங்கல் விழாவில், நாம் சிறுவயதிலிருந்து அறிந்த ஓர் இளைஞர், வெளிநாட்டு நாணய வணிகத்தில் பணம் பெருக்கும் திட்டம் என்று ஒரு தாளை நீட்டினார். "தம்பி, இதற்கு அனுமதி கொடுத்தது யார்? எழுத்தில் காட்ட முடியுமா?" என்று, பலர் கேட்கவே கேட்டோம். அவர் முகம் வாடிவிட்டது. "அங்கிள், என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். உன்மேல் இருக்கிறது, தாளின்மேல் இல்லை என்றோம். சர்க்கரைப் பொங்கலைத் தொடாமலே எழுந்து போனார். மறுவாரம் அவருடைய தாயார் தொலைபேசியில் அழைத்து, அந்தத் தாளை ஒருமுறை வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஞாயிறு காலையில் போய்வந்தோம். இளைஞர் இன்னும் நம்மிடம் பேசவில்லை.