சான்றளித்தவர் யார்?

என் மைத்துனர் ஜெயங்கொண்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் பென்ஸ் கார் பழையது. அவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சென்னையில் விற்றவர்கள் கற்றுக்கொடுத்த 'சான்றளிக்கப்பட்ட முன்னுடைமை' என்பதைத்தான் சொல்கிறார். நூறு இனங்களுக்கு மேல் சோதித்ததாக ஒரு தாளும் உண்டு. சோதித்தவர், கையெழுத்திட்டவர், பணம் வாங்கியவர் மூவரும் ஒருவரே.

ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தை பற்றி 1970-ல் எழுதிய கட்டுரை பிரசித்தம். குறையை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். ஆகவே நல்ல காருக்கும் சந்தேக விலைதான், நல்ல காருக்குச் சொந்தக்காரன் சந்தையை விட்டே விலகுவான். கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் இந்தியப் பெண்ணும் அதே கட்டுரையில் வருகிறாள். அவளுக்குச் சான்று வேண்டியதில்லை, கண் இருந்தது. பானட்டைத் திறந்தால் எங்களுக்குக் கண் இல்லை.

உத்தரவாதம் வேறு, அதில் விற்பவன் தன் பணத்தைப் பணயம் வைக்கிறான். சான்று வெறும் வாக்கு.

வங்கியில் இத்தகைய தாளை ஏற்காமல் மதிப்பீட்டாளரின் அறிக்கை கேட்பவன் நான். அவருக்குக் கட்டணம் தருபவர் கடன் கேட்பவரே என்று தெரிந்தேதான் கேட்கிறேன். மைத்துனரின் தாளை மட்டும் உடனே நம்பினேன். பொய் என்று ஒன்று இருந்தால் அதற்கு விற்பவன் மட்டும் காரணமல்ல. 'பழையது' என்ற சொல் எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஆர்.சி.யில் உரிமையாளர் வரிசை எண் 2. போன ஞாயிறு கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசலில் தெரிந்தவர் ஒருவர் காரைத் தடவிப் பார்த்து, "புதுசா?" என்றார். மைத்துனர் தயங்கினார். நான் முந்திக்கொண்டு தலையாட்டினேன்.