மறைத்தலும் மறைக்கப்படுதலும்

படம்பிடித்த காட்சியைக் கணினியில் மாற்றியமைத்து, இல்லாததைச் சேர்த்தும் இருப்பதை நீக்கியும் இறுதிச் சட்டகத்தை உருவாக்கும் துறை வி.எஃப்.எக்ஸ் என்று வழங்கப்படுகிறது. அதில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அரக்கனையோ நகரத்தையோ படைக்கும் வேலையன்று, ரோட்டோவும் பெயின்ட்டுமே. ரோட்டோ என்பது நடிகரின் உருவ விளிம்பைச் சட்டகந்தோறும் வளைகோடுகளால் வரைந்து அவரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது. அசைவூட்டப் படங்களுக்காக மேக்ஸ் ஃபிளைஷர் உருவாக்கி 1917இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் முறையின் பெயரே சுருங்கி இன்றும் வழங்குகிறது. பெயின்ட் என்பது சண்டைக் காட்சியில் நடிகரைத் தூக்கிப் பிடித்த கம்பியை அழித்து, அதன் பின்னே இருந்த சுவரையோ வானத்தையோ மீட்டு நிரப்புவது. நொடிக்கு 24 சட்டகம் என்பதால் பத்து நொடிக் காட்சிக்கு 240 சட்டகங்களில் இவ்வேலை நடந்தாக வேண்டும். சரியாகச் செய்தால் செய்ததே தெரியாது. பிழைத்தால் மட்டுமே விளிம்பு துடிப்பது கண்ணில் படும்.

மறைப்பதையே தொழிலாகக் கற்பவர் பொய்யைக் கற்கிறாரா என்னும் வினா இங்கே எழுகிறது. அத்வைதிகள் காட்டும் கயிற்றரவு, அதாவது கயிற்றைப் பாம்பென்று மயங்குதல், இதற்கு முழுதும் பொருந்தாது. திரையரங்குக்கு வருபவர் தாம் காண்பது புனைவு என்று அறிந்தே வருகிறார். இவ்வினாவுக்குச் சைவ சித்தாந்தமே நெருங்கிய துணை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவனின் தொழில்களை ஐந்தாக வகுக்கும் அந்நெறி, மறைத்தலைக் குற்றமாக வைக்கவில்லை. மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் நடராசரின் ஊன்றிய திருவடியில் மறைத்தலையும் தூக்கிய திருவடியில் அருளலையும் காண்கிறது. உயிர் வினைப்பயனை நுகர்ந்து பக்குவப்படும் பொருட்டே உண்மை அதற்கு மறைக்கப்படுகிறது என்பதால், திரோதானம் எனப்படும் அம்மறைப்பும் அருளின் வேறொரு முகமே என்பர் சித்தாந்திகள். ஆக, மறைத்தலின் தகுதி அது யாருடைய நன்மைக்காக நிகழ்கிறது என்பதைப் பொறுத்தது.

இறைவன் செயலை மனிதத் தொழிலோடு ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு என்பதை மறக்கலாகாது. ஆயினும் அந்த அளவுகோல் இங்கும் உதவுகிறது. கம்பி நீங்குவது காண்பவர் கதையில் தடையின்றி ஒன்றும் பொருட்டே. அதை நீக்குபவரோ எந்த வகையிலும் மெய்யை அலட்சியம் செய்ய இயலாது: சுவரில் வெயில் எப்பக்கம் விழுகிறது, படச்சுருளின் துகள்மணி எவ்வளவு பருமன், கை வீசும்போது விரல்நுனி எவ்வளவு மங்குகிறது என்று மாதக்கணக்கில் உற்றுநோக்கிய பின்னரே அவர் தொட்ட இடம் தெரியாமற்போகும். இத்துணைப் பொறுமையோடு உலகைப் பார்க்கப் பழக்கும் தொழிலைப் பொய்த்தொழில் என்று ஒதுக்குவது அறியாமை.

இன்னொரு மறைப்பு இவ்வாறு மன்னிக்கத்தக்கதன்று. சென்னையிலும் ஐதராபாத்திலும் மும்பையிலும் அயல்நாட்டுப் படங்களுக்கு ரோட்டோ செய்யும் இளைஞர் பலரின் பெயர் படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவர்களிடம் பயன் கருதாது கடமையைச் செய்யும் நிஷ்காம்ய கர்மத்தை உபதேசிப்பது எளிது. ஆனால் கீதை கேட்கும் பற்றின்மை, செய்பவர் தாமே உள்ளத்தில் மேற்கொள்வது. பிறர் பயனைத் தாம் எடுத்துக்கொண்டு அதற்குத் துறவு என்று பெயரிட எவருக்கும் உரிமையில்லை. இயக்குநர் ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ திரைப்படம் 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுக்கான ஆஸ்கர் விருதை வென்றபோது, அதில் வரும் புலியைக் கணினியில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதத்தில் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. அந்நிலையை விருது பெற்றவர் மேடையில் குறிப்பிடத் தொடங்கியபோது, நேரம் முடிந்ததென இசை எழுந்து அவர் பேச்சை அடக்கியது. அரங்குக்கு வெளியே அத்துறைக் கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தனர். புலியின் மயிர்க்கால்களில் தம் கைத்தடம் தெரியாதிருக்க உழைத்தவர்கள், தம் வாழ்க்கையும் தெரியாதிருக்க ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். ஆகவே பெயர் இடம்பெறுமா, மிகைநேர உழைப்புக்கு ஊதியம் உண்டா என்று புதிதாகச் சேருபவர் முதல் ஒப்பந்தத்திலேயே கேட்பது பற்றின்மைக்கு முரணாகாது.