அலறியவள் பூதனை மட்டும்தானா?

லண்டனின் வெம்பிளி சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு ஈலிங் ரோட்டில் இறங்கினால் புடவைக் கடை, நகைக் கடை, வாழைப்பூவும் முருங்கைக்காயும் நடைபாதை வரை வழியும் காய்கறிக் கடை என்று வரிசை. நடுவே, குஜராத்தில் செதுக்கிக் கொண்டுவந்த சுண்ணாம்புக்கல்லில் எழுந்து 2010-இல் திறந்த சனாதன இந்துக் கோயில். ஆல்பேர்ட்டன் பக்கம் போனால் ஈழபதீஸ்வரர் ஆலயம். தெய்வங்களுக்குக் குறைவில்லாத பேட்டை. காலையில் சாமிக்குப் பாலபிஷேகம் நடக்க இன்னும் சில மணி நேரம் இருக்கும்போது, பின்தெரு வீடு ஒன்றின் மாடியறையில் என்ன நடக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

பிள்ளை பிறந்து நாலு நாள். ரேடியேட்டர் அணைந்து அறை குளிர்ந்து கிடக்கிறது. பசித்த பிள்ளை வாயைத் திறக்கிறது. தாய் பல்லைக் கடிக்கிறாள். கால்விரல்கள் தாமாக மடங்குகின்றன. ஒரு பக்கக் காம்பின் நுனியில் பிளேடால் கீறியதுபோல் ஒரு வெடிப்பு. நேற்றுப் பிள்ளை கக்கிய பாலில் இளஞ்சிவப்பாய் ஓர் இழை தெரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைப்பேறு பார்க்க வந்த அம்மா பக்கத்தில் இருந்து முதுகைத் தடவுகிறாள். “பொறுத்துக்கொள் பிள்ளை. எல்லாருக்கும் உப்பிடித்தான். கொஞ்ச நாளையில காய்ச்சுப்போகும்.”

அம்மா சொன்னதில் அன்பு இருக்கிறது. கூடவே ஒரு சமயக் கொள்கையும் ஒளிந்திருக்கிறது: தாய் என்றால் வலி, வலியைப் பொறுத்தால் புண்ணியம். முதல் பாதியை மருத்துவரும் ஓரளவு ஒத்துக்கொள்வார். இரண்டாம் பாதி எங்கிருந்து வந்தது?

சைவத்தில் பாலுக்குப் பஞ்சமே இல்லை. சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தருக்கு உமையம்மை பால் கொடுத்த கதையைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் எழுதினார். சித்திரை வந்தால் அங்கே திருமுலைப்பால் விழா. கதையைக் கூர்ந்து கேட்டால் ஒன்று தட்டுப்படும். அம்மை பிள்ளையை மார்பில் போடவில்லை, பொற்கிண்ணத்தில் கறந்து கொடுத்தாள். திருவண்ணாமலையில் அம்மனின் பெயரே உண்ணாமுலை. திருச்சி மலைக்கோட்டையில் சிவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்ததால் தாயுமானவர்.

மதுரைக் கதை இன்னும் துணிச்சலானது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தாயைப் பறிகொடுத்த 12 பன்றிக்குட்டிகளுக்காகச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாகவே வந்து முலை கொடுக்கிறார். பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும்: குட்டி பிறக்கும்போதே ஊசி போன்ற 8 பற்களோடு பிறக்கும், தாயின் காம்பைக் கிழித்துவிடும் என்று பல பண்ணைகளில் அவற்றை நறுக்கிவிடுவதுண்டு. 12 குட்டி, குட்டிக்கு 8 பல், ஆக 96. சைவ சித்தாந்தம் எண்ணும் தத்துவங்களும் 96 என்பது தற்செயல்தான். அத்தனை ஊசிகள் கவ்வியபோது ஆண்டவனுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஒருத்தி நம் புராணங்களில் உண்டு. அவள் பூதனை. கம்சன் ஏவ, மார்பில் நஞ்சு பூசி, அழகியாய் வேடமிட்டுக் கோகுலம் வந்தவள். கண்ணன் பாலோடு உயிரையும் சேர்த்து உறிஞ்சியபோது, உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் உதறி, விட்டுவிடச் சொல்லிக் கதறினாள் என்கிறது பாகவதத்தின் பத்தாம் கந்தம். ஆழ்வார்கள் திரும்பத் திரும்பத் தொட்ட காட்சி. பால் கொடுக்கும்போது கத்துகிறவள் பேய்ச்சி, தேவிகள் கத்துவதில்லை. இதைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, பிள்ளையை மார்பிலிருந்து பிய்த்து எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றும்போது, தான் எந்தக் கட்சி என்று அவளே முடிவுகட்டிவிடுவாள்.

வெம்பிளி சென்ட்ரலில் பேக்கர்லூ ரயில் பிடித்தால் வண்டி மாறாமல் சேரிங் கிராஸ். பக்கத்திலேயே நேஷனல் கேலரி. 1575 வாக்கில் தின்தொரெட்டோ வரைந்த ஓவியம் ஒன்று அங்கே இருக்கிறது. தேவராணி ஜூனோ தூங்கும்போது, வேறொருத்தி பெற்ற ஹெர்குலிஸை அவள் மார்பில் கொண்டுவந்து பிடிக்கிறான் கணவன் ஜூபிட்டர். அவள் திடுக்கிட்டு விலக, சிதறிய பால் வானத்தில் விண்மீன்களாகிறது. பால்வீதி பிறந்த கதை. டியோடோரஸ் என்ற பழைய கிரேக்க ஆசிரியர் சொல்லும் வடிவம் இன்னும் பச்சையானது: பிள்ளை வயதுக்கு மீறிய வலுவோடு இழுத்தது, வலி தாங்காமல் தேவி தூக்கிப் போட்டாள். கிரேக்கர்கள் தங்கள் தேவிக்கு அந்த ஒரு முகச்சுளிப்பை அனுமதித்தார்கள். அதே கட்டடத்தில் மரியாள் யேசுபாலனுக்குப் பால் கொடுக்கும் 15-ஆம் நூற்றாண்டுப் படமும் உண்டு. அவள் முகம் நம் அம்மன்கள் முகம் போலவே அசைவதில்லை.

வலியைப் புனிதமாக்கும் கலையைத் தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். அலகு குத்துகிறோம், தீ மிதிக்கிறோம். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேரன்று லண்டன் தெருவிலேயே காவடி ஆடுகிறது. ஆனால் காவடி எடுப்பவனுக்கு நேர்த்தி இருக்கிறது, நாள் குறித்திருக்கிறது, எப்போது இறக்கி வைப்பது என்பது தெரியும். சுற்றிலும் மேளம், அரோகரா, தாங்கிப் பிடிக்க நாலு கை. முள் குத்துகிறவர் கைப்பழக்கம் உள்ளவர். இடம் பிசகினால், உனக்குப் பக்தி போதாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவதில்லை. எடுத்துவிட்டுச் சரியான இடத்தில் குத்துவார். மாடியறைத் தாய் எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. அவளுடைய வலியை நோன்புக் கணக்கில் எழுதுவது அநியாயம். முள் இடம் பிசகியிருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

பிசகுவது இப்படி. வாயின் மேலண்ணத்தில் முன்பக்கம் எலும்பு, பின்பக்கம் மெத்து. நாக்கை வளைத்துத் தடவினால் நமக்கே தெரியும். காம்பு அந்த மெத்தென்ற இடம் வரை போய்ச் சேர்ந்தால் அதை எதுவும் நசுக்காது. கருவட்டம் வாய்க்குள் போகாமல் காம்பை மட்டும் பிள்ளை கவ்வினால், நாக்குக்கும் எலும்புக்கும் நடுவே அது மாட்டிக்கொள்ளும். வெளியே வரும்போது உருண்டையாக இருக்காது. புது லிப்ஸ்டிக்கின் நுனிபோலச் சரிந்து தட்டையாக இருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அனுபவமுள்ள மிட்வைஃப் சொல்லிவிடுவார். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேரே வரும்படி பிடித்து, கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, மோவாய் முதலில் மார்பில் பதிய அணைக்க வேண்டும். குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் கூடாது, பிள்ளைதான் மார்புக்கு வர வேண்டும். அரை நிமிடம் கழிந்தும் வலி அடங்காவிட்டால், சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடி முதலிலிருந்து.

இதற்கும் அடங்காத வலிகள் உண்டு. சில பிள்ளைகளுக்கு நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருந்து நாக்கு நீளாது. தேவைப்பட்டால் அந்தச் சவ்வை நறுக்கிவிடலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005-இல் வழிகாட்டியது. பால் கொடுத்து முடிந்ததும் காம்பு வெளிறி, நீலம் பாரித்து, பிறகு சிவந்து எரிந்தால் இரத்தக்குழாய் சுருங்குகிறது என்று பொருள். அங்கே வில்லன் குளிர், அதனால் வெதுவெதுப்பே முதல் வைத்தியம். மார்பு சிவந்து சூடேறிக் காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டர். களிம்பைப் பொறுத்தவரை, 2014-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு லனோலின் களிம்பு வியாபாரிகளுக்கு அவ்வளவு சந்தோஷம் தரவில்லை: ஒன்றும் தடவாதவர்களும், தம் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டவர்களும் களிம்பு போட்டவர்களுக்குப் பின்தங்கிவிடவில்லை. எதைச் செய்தாலும் பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 10 நாளில் வலி லேசாகிவிடுகிறது என்றும் அது கண்டது. ஆக, அம்மாவின் ‘கொஞ்ச நாளையில’ சரிதான். காய்ச்சுப்போகும் என்பதுதான் பிழை. உள்ளங்கை காய்ப்பதுபோல் காம்பு காய்ப்பதில்லை.

பாட்டி வைத்தியத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நியூசிலாந்து டாக்டர் ட்ரூபி கிங் முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனுக்கு வந்து, கடிகாரம் பார்த்து நாலு மணிக்கொரு தரம் பால் என்ற மதத்தை இங்கே பரப்பினார். அவரைப் பின்பற்றிய தாய்மைப் பயிற்சிக் கழகம் ஹைகேட்டில் இயங்கியது. காம்பு புண்ணாகாமலிருக்க முதல் நாள் இத்தனை நிமிடம், மறுநாள் இத்தனை நிமிடம் என்று ஆஸ்பத்திரிகளில் பல பத்தாண்டுகள் கணக்கு வைத்தார்கள். நிமிடத்துக்கும் புண்ணுக்கும் சம்பந்தமில்லை, கவ்வும் விதத்தில்தான் சூட்சுமம் என்று ஆக்ஸ்ஃபோர்டின் க்ளோயி ஃபிஷர் போன்ற மிட்வைஃப்கள் நிலைநாட்ட 1980-கள் வரை ஆயிற்று. இன்று அதே ஹைகேட்டில், ஆர்ச்வே சாலையில் முருகன் கோயில். ஆறு முகத்துக்கு ஆறு கார்த்திகைப் பெண்கள் ஒரே நேரத்தில் பாலூட்டிய பிள்ளைக்குக் கடிகாரம் எதற்கு?

பிரிட்டனில் 2010-இல் நடந்த குழந்தை உணவுக் கணக்கெடுப்பில் 81 விழுக்காட்டுத் தாய்மார் தாய்ப்பாலில் தொடங்கினார்கள். ஆறாம் வாரத்தில் 55. ஆறாம் மாதத்தில் 34. முதல் வாரங்களில் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்க ஆசைப்பட்டவர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துவந்த அந்தக் கணக்கையே அதன்பிறகு நிறுத்திவிட்டார்கள்.

வலி ஆண்டவன் கட்டளையா என்று இந்த நாடே ஒருமுறை சண்டை போட்டிருக்கிறது. 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பித்தபோது, பெண் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்று ஆதியாகமத்தில் இருக்கிறதே என்ற பேச்சு எழுந்தது. அந்த எபிரேயச் சொல்லுக்கு உழைப்பு என்றுதான் பொருள் என்று அவர் ஒரு சிறு நூலே எழுதினார். 1853-இல் விக்டோரியா ராணி எட்டாவது பிரசவத்துக்கு அதை முகர்ந்ததும் வாதத்தின் சூடு தணிந்தது. வேதமே சலுகை தரும் இடமும் இருக்கிறது. ஈலிங் ரோட்டில் பள்ளிவாசலும் உண்டு. அங்கே ஓதப்படும் குர்ஆன், முழுமையாகப் பால் கொடுக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டு என்று வரம்பு சொல்கிறது. தாயும் தந்தையும் கலந்து பேசி முன்கூட்டி நிறுத்தினாலும், வேறொரு பெண்ணைப் பாலூட்ட வைத்தாலும் குற்றமில்லை என்று அதே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறது.

நம் புராணங்களில் அந்தச் சலுகை சட்டமாக இல்லை, கதையாக இருக்கிறது. முருகன் குடித்தது கார்த்திகைப் பெண்கள் பால். கண்ணனைப் பெற்றவள் தேவகி, ஊட்டியவள் யசோதை. சம்பந்தருக்குக் கிண்ணம். திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை காத்துக் கொடுத்த பிள்ளைக்குக் காமதேனு வந்து பால் சுரந்ததாகத் தலபுராணம். பெற்றவள் மார்பில் குடித்து வளர்ந்த தெய்வக் குழந்தையைத் தேடினால்தான் சிரமம். பம்ப் வைத்துக் கறந்து கொடுப்பவளோ, புண் ஆறும்வரை ஒரு வேளை புட்டிப்பால் கொடுப்பவளோ எந்த ஆகமத்தை மீறிவிட்டாள்?

பூதனையின் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. பாட்டிமார் அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள். அவள் உடலை வெட்டி எரித்தபோது எழுந்த புகையில் அகில் மணந்தது என்கிறது பாகவதம். கொல்ல வந்தவளே ஆனாலும், முலை கொடுத்தாள் என்ற ஒன்றுக்காகக் கண்ணன் அவளுக்குத் தாய்க்குரிய கதியைத் தந்தானாம். நஞ்சு, வேடம், அலறல் எல்லாம் தெரிந்துதான் தந்திருக்கிறான்.

ஐந்தாம் நாள் காலை. பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்க மிட்வைஃப் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் சரக்குக் கறி மணக்கிறது. தராசில் பிள்ளையைக் கிடத்தி எடையைச் சிவப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், பால் கொடுக்கையில் வலி ஏதும் உண்டா என்று கேட்கிறார். கொஞ்சம் என்கிறாள் பெண், சிரித்துக்கொண்டே. வாசற்படியில் நின்ற அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ‘பெய்ன்’ விளங்கும், ‘லிட்டில்’ விளங்கும். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள்.

“கொஞ்சமில்லை எண்டு சொல்லு பிள்ளை.”