தீர்ப்புக்கு அப்புறம்

"அப்பா ஜெயிச்சிட்டாருடா" என்று அம்மா போன் பண்ணியபோது நான் ஜொகூர் பாருவில் சைட்டில் இருந்தேன். 4,200 வெள்ளி. லாயாங் லாயாங்கில் சாப்பாட்டுக் கடை திறந்த ஒருவருக்கு அப்பா கம்பிக் கதவும் கூரைச் சட்டமும் வெல்டிங் செய்து கொடுத்த பாக்கி. குளுவாங் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்டோம். 5,000 வெள்ளிக்குள் சிறு வழக்காகப் போட்டால் வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். 198-ஆம் பாரத்தை மலாயில் நிரப்பிக் கொடுத்தது நான். எதிராளி வரவே இல்லை. தீர்ப்பு எங்கள் பக்கம்.

இரண்டு வருஷம் ஆச்சு. காசு வரவில்லை.

கோர்ட்டே வாங்கித் தரும் என்று நினைத்திருந்தேன். பாரிட் ராஜாவில் சிவில் படித்தவன் நான். ஒப்புதல் முத்திரை விழுந்த பிளான் தானாகக் கட்டடமாகி நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தீர்ப்பு விஷயத்தில் மட்டும் அது உறைக்கவில்லை. 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் ஓர் இந்திய வழக்கில், டிக்ரி கையில் கிடைத்த பிறகுதான் வழக்காடியின் கஷ்டம் ஆரம்பிக்கிறது என்ற பொருளில் சொல்லிவிட்டது.

வழிகள் இருக்கின்றன. பொருளைக் கைப்பற்றி ஏலம் விடலாம், பேங்க் கணக்கிலிருந்து எடுக்கலாம், கடனாளி சம்மன் அனுப்பி வருமானத்தை விசாரிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது நாங்கள், பெய்லிஃப் செலவுக்கு முன்பணம் கட்ட வேண்டியதும் நாங்கள். அவருடைய சேமநிதியைத் தொட முடியாது. திவாலாக்கவும் வழியில்லை, அதற்கு 2020 முதல் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும்.

கடை மூடிவிட்டது. அப்பா போட்ட கம்பிக் கதவு இப்போது கட்டடக்காரரிடம். அவர் எங்களுக்கு ஒரு காசும் பாக்கியில்லை. கடன்பட்டவர் ரயில் ஸ்டேஷன் போகும் வழியில் மீ கோரெங் போடுகிறார். அவரிடம் கண்ணுக்குத் தெரிவது ஒரு பழைய வேனும் ஓர் ஐஸ் பெட்டியும்தான்.

வேனை எடுக்கலாமா? "பாவம்பா, விட்டுடலாம்" என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு மாசச் சம்பளம் வருது. கண்ணுல பொறி பட்டது எனக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்தவருக்கு வரவேண்டிய காசை மன்னித்துவிட்டு நான் நல்லவனாகிக்கொள்ளப் பார்த்தேன். இதில் மன்னிக்கும் உரிமை அப்பாவுக்கு மட்டும்தான். அதுவும் கடன்பட்டவர் ஒரு தடவையாவது வந்து நின்று, "அண்ணே, இப்ப முடியல" என்று சொல்லியிருந்தால்.

1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கட்ட வழியில்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் போடக் கூடாது என்றார். வழி இருந்தும் ஏய்ப்பவர் வேறு. சரிதான். ஆனால் இவர் எந்த வகை? வாசலில் நின்று பார்க்கிற எனக்கு எப்படித் தெரியும்? முன்பு அந்தச் சம்மனைப் பழிவாங்கும் காகிதமாகத்தான் பார்த்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அது ஒரு கேள்வி. நீதிபதி முன்னால் அவர் வரவையும் செலவையும் சொல்லட்டும், மாசம் 50 வெள்ளி என்று தவணை போடட்டும். கேட்காமலே விட்டுவிடுவதில் அவர் மீதும் ஒரு இளக்காரம் இருக்கிறது: இவரால் என்ன முடியும் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

தீர்ப்புக்கு ஆயுள் 12 வருஷம். இன்னும் 10 பாக்கி. சம்மன் விண்ணப்பத்தை எழுதி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து போடவில்லை, கிழிக்கவும் இல்லை. பட்டறையில், ராடு பெட்டிக்குக் கீழே இருக்கிறது.

போன வாரம் அந்தக் கடையில் பசியாறினேன். 10 வெள்ளி நோட்டை நீட்டினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அப்பா நல்லா இருக்காரா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மீதி மூன்றரை வெள்ளியைச் சரியாக எண்ணிக் கையில் வைத்தார்.